பராமரிப்புத் தலைப்பு

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் என்று என் மனைவி சொல்வாள். நுனியில்கூட இல்லை அண்ணி, மூக்குக்கு வெளியே ஒரு சாண் தள்ளியே நிற்கிறது என்று என் தங்கச்சி சொல்வாள். இரண்டு பேரும் கூட்டுச் சேர்ந்துவிட்டால் என் பாடு திண்டாட்டம்தான். ஆனால் இந்தக் கோபத்தையே ஒரு கருவியாக எடுத்து, ஒருத்தி நகரசபையையே தன் பக்கம் திருப்பினாள். அந்த ஒருத்தி என் தங்கச்சி. பெருமைக்காகத்தான் சொல்கிறேன், வேறு காரணம் ஒன்றும் இல்லை.

நகரசபையில் பராமரிப்புப் பிரிவுக்கு நான் மேற்பார்வையாளர். தெருவிளக்கு, சாக்கடை, பூங்கா, பொதுக் கழிப்பறை எல்லாம் என் கையில். இவற்றோடு ஐந்தாவதாக இன்னொன்றும் என் தலையில் இருந்தது: குழந்தைப் பராமரிப்பு நிலையம். சிரிக்காதீர்கள். பல வருடங்களுக்கு முன்னால் யாரோ ஒரு புண்ணியவான், எந்தச் செலவு எந்தப் பிரிவுக்கு என்று கணக்குத் தலைப்புகளைப் பிரித்துப் போட்டிருக்கிறான். 'பூங்கா பராமரிப்பு' வந்தது, பராமரிப்பில் போட்டான். 'சாக்கடை பராமரிப்பு' வந்தது, அதையும் போட்டான். 'குழந்தைப் பராமரிப்பு' வந்தது. அவனுக்கு அப்போது பசி நேரமாக இருந்திருக்க வேண்டும். அதையும் தூக்கி அதே கூடையில் போட்டுவிட்டு எழுந்து போய்விட்டான். குழாயையும் பராமரிக்கிறோம், குழந்தையையும் பராமரிக்கிறோம். நம் மொழியில் இரண்டுக்கும் ஒரே சொல். அவன்மேல் முழுதாகப் பழி போடவும் முடியாது.

அந்த நிலையத்துக்குப் பொறுப்பாளர் என் தங்கச்சி. அவள் சின்னப் பிள்ளைகளுக்குக் கற்பிப்பதற்கென்றே தனியாகப் படித்துத் தேறியவள். ஆக, காகிதத்தில் நான் அவளுக்கு மேலதிகாரி. அலுவலகத்தில் என்னை "சார்" என்பாள். வீட்டில் நிலைமை தலைகீழ். அவள் வந்து உட்கார்ந்தால் நான்தான் தண்ணீர் கொண்டுவந்து கொடுக்க வேண்டும்.

இந்தத் தலைப்புக் குழப்பத்தால் நடந்த கூத்துகள் கொஞ்சநஞ்சம் அல்ல. பிள்ளைகள் அளைந்து விளையாடக் கொஞ்சம் மணல் வேண்டும் என்று அவள் ஒருமுறை கேட்டாள். பராமரிப்புப் பிரிவுக்கு மணல் என்றால் கட்டட மணல்தானே. ஒரு லாரி நிறைய வந்து நிலையத்தின் வாசலை அடைத்துக்கொண்டு கொட்டிவிட்டுப் போனது. அன்று பெற்றோர்கள் பிள்ளைகளைச் சுவருக்கு மேலே தூக்கிக் கொடுத்தார்கள். தூங்க விரிப்பு கேட்டாள், தார்ப்பாய் வந்தது. சின்ன வாளி கேட்டாள், சாயம் கலக்குகிற வாளி வந்தது. எல்லாவற்றுக்கும் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டவன் நான்தான். அவள் தார்ப்பாயைத் தரையில் விரித்து, அதன்மேல் பிள்ளைகளைக் கையாலும் காலாலும் வண்ணம் பூச விட்டாள்.

நிலையத்தில் இரண்டு அறைகள். பெரிய அறையில் நான்கு, ஐந்து வயதுப் பிள்ளைகள். சின்ன அறையில் இரண்டு, மூன்று வயதுகள். சின்ன அறைக்குள் போனால் காய்ச்சிய பாலும் ஈரத் துண்டும் கலந்த ஒரு வாசனை அடிக்கும். கை கழுவும் தொட்டி என் முழங்காலுக்குக் கீழே இருக்கும். சுவரில் வரிசையாகக் கொக்கிகள், ஒவ்வொன்றுக்கும் மேலே ஒரு படம்: இலை, படகு, சாவி, நத்தை. பெயர் படிக்கத் தெரியாத வயதில் படம்தான் பெயர். "நத்தையோட பை எங்கே?" என்று கேட்டால் ஒரு வாண்டு ஓடிவரும்.

எங்கள் பிரிவில் விளக்குக் கம்பம் ஏறுகிற மின்தொழிலாளியின் மகளும் அந்த அறையில்தான் இருந்தாள். அவளுக்கு நான் வைத்த பெயர் பூட்டு. வாயைத் திறக்கவே மாட்டாள். மாதக்கணக்கில் ஒரு சொல் கிடையாது. அவள் அம்மா துணி ஆலையில் காலை வேலைக்குப் போகிறவள். பிள்ளையை விட்டுவிட்டுத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போவாள். ஒருநாள் அந்த மணலில் மற்றப் பிள்ளைகள் வாளிக்கு அடித்துக்கொண்டபோது, பூட்டு எழுந்து நின்று "எனக்கும்" என்றாள். என் தங்கச்சி அன்று சாயங்காலம் என் அலுவலகத்துக்கே ஓடிவந்து இதைச் சொன்னாள். மின்தொழிலாளி ஏணியை அப்படியே சுவரில் சாய்த்துவிட்டு அழுதான். நான் வழக்கம்போல, "வேலை நேரத்துல என்னய்யா அழுகை" என்று கத்திவிட்டு முகம் கழுவப் போனேன்.

இப்படி இருக்கும்போதுதான் பட்ஜெட் காலம் வந்தது.

கணக்கு அதிகாரி என்னைக் கூப்பிட்டனுப்பினார். நல்ல மனிதர், யாரிடமும் குரல் உயர்த்தியதில்லை. சட்டைப்பையில் மூன்று பேனா இருக்கும், மூன்றும் எழுதும்.

"மேற்பார்வையாளர், இந்த வருஷம் வரவு குறைஞ்சு போச்சு. எங்கேயாவது வெட்டித்தான் ஆகணும். கல்வித் தலைப்புல கை வைக்க முடியாது. போன வருஷத்தை விடக் குறைக்கக் கூடாதுன்னு மேலிடத்து விதி. அதனால உங்க தலைப்புலதான் வெட்டு."

"எவ்வளவு?"

அவர் சொன்னார். எனக்குத் தலை சுற்றியது.

"சாக்கடையில வெட்டினா ஊர் நாறிடும். விளக்குல வெட்டினா ஊர் இருட்டாயிடும். நான் ஒரு வழி பாத்து வெச்சிருக்கேன்" என்றார். "நிலையத்துல அந்தச் சின்ன அறையை மூடிட்டா போதும். பெரிய அறை அப்படியே நடக்கட்டும். சின்னதுங்க சாப்பிட்டுத் தூங்கற வயசுதானே? அதை மூடினா வெட்டு சரியாப் போயிடும். உங்க புது வண்டிக்கும் இடம் இருக்கு."

புது வண்டி. அதை ஏன் சொன்னார் மனுஷர்! எங்கள் பிரிவின் வண்டி தானாகக் கிளம்பி நான் பார்த்ததில்லை. தினமும் காலையில் ஆட்கள் இறங்கித் தள்ள வேண்டும். 'வண்டி எங்களை ஏத்திக்கிட்டுப் போகல, நாங்கதான் அதைக் கூட்டிக்கிட்டுப் போறோம்' என்று ஆட்கள் கிண்டல் செய்வார்கள். புது வண்டி கேட்டு நான் நடையாய் நடந்து செருப்புத் தேய்ந்தது ஊருக்கே தெரியும்.

"நான் கட்டாயப்படுத்தல. பிரிவு உங்களோடது. முடிவு உங்க கையில" என்று சொல்லி, தலையில் கல்லைத் தூக்கிப் போட்டு அனுப்பினார்.

நேரே நிலையத்துக்குப் போனேன். அது பிள்ளைகள் தூங்கி எழுகிற நேரம். சின்ன அறையில் ஒருவன் ஒற்றைச் செருப்பை வைத்துக்கொண்டு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். என் தங்கச்சி அவன் எதிரே தரையில் உட்கார்ந்திருந்தாள். மாட்டிவிட வேண்டியதுதானே? இரண்டு நொடி வேலை. அவள் மாட்டிவிடவில்லை. "கட்டை விரல் எங்கே போகணும்?" என்று கேட்டுவிட்டுச் சும்மா இருந்தாள். எனக்குப் பொறுக்கவில்லை, கை பரபரத்தது. அவள் கண்ணாலேயே என்னை நிறுத்தினாள். அவன் மாட்டிக்கொண்டு, ஏதோ மலையைப் பிடுங்கியவன் மாதிரி நடந்து போனான்.

அவளைத் தாழ்வாரத்துக்குக் கூட்டிப்போய் விஷயத்தைச் சொன்னேன். அழுவாள் என்று நினைத்தேன். அவள் ஈரக் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

"நீ என்ன பண்ணப் போற?"

"நீ ஒண்ணும் கவலைப்படாதே. சாக்கடையிலயும் பூங்காவுலயும் கொஞ்சம் கொஞ்சமாக் கிள்ளி எப்படியாவது சமாளிச்சிடறேன். அண்ணன் நான் எதுக்கு இருக்கேன்?"

"வேணாம்ணா."

"ஏன்?"

"இந்த வருஷம் நீ காப்பாத்துவே. அடுத்த வருஷம்? நீ ஓய்வு பெற்றதுக்கு அப்புறம்? தங்கச்சிக்காக விட்டுக் குடுத்தான்னு ஊர் பேசும். சலுகையில நடக்கற அறை எத்தனை நாளைக்கு நடக்கும்? சாக்கடையும் நாங்களும் ஒரே கூடையில இருக்கற வரைக்கும் வெட்டுன்னு வந்தா முதல்ல நாங்கதான். எங்களை அந்தக் கூடையில இருந்து எடுக்கச் சொல்லிக் கேக்கப் போறேன்."

"கல்வித் தலைப்புக்கா? நகரசபைத் தலைவியம்மா ஒத்துக்கவே மாட்டாங்க. பள்ளிக்கூடத்துல சேந்தாத்தான் படிப்புன்னு நினைக்கறவங்க அவங்க."

"கேட்டுப் பாக்கறேன். பட்ஜெட் கூட்டத்துல பேச நேரம் கேட்டு எழுதிக் குடுத்தாச்சு."

எனக்கு முன்னாலேயே அவளுக்கு விஷயம் தெரிந்திருக்கிறது! சின்ன அறைப் பெற்றோரில் ஒருவர் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறாராம். மேலதிகாரி என்று எனக்கு ஒரு மரியாதை, பாருங்கள்.

"சரி, கூட்டத்துல நான் என்ன பேசணும்? சொல்லு, தயார் பண்றேன்."

"ஒண்ணும் தயார் பண்ணாதே. வந்து உக்காரு, போதும்."

நான் கேட்பேனா? அன்று ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் ஒரு பேச்சைத் தயார் செய்து, அடுக்களை வாசலில் நின்று மனைவியிடம் பேசிக் காட்டினேன். இன்றைய மழலைகள் நாளைய மன்னர்கள் என்று தொடங்கிற்று அது. அவள் பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு முழுவதையும் பொறுமையாகக் கேட்டாள். "இதைப் பேசினீங்கன்னா பெரிய அறையையும் சேத்து மூடிடுவாங்க" என்றாள்.

கூட்டத்தன்று மண்டபம் நிறைந்திருந்தது. உறுப்பினர்கள் நீள மேசையில், நடுவில் தலைவி. பின்வரிசையில் சின்ன அறையின் அம்மா அப்பாக்கள், வேலை உடுப்போடு வந்திருந்தார்கள். மின்தொழிலாளி ஓரமாக நின்றான். அவன் மனைவி அரைநாள் சம்பளத்தை விட்டுவிட்டு வந்திருந்தாள். அறை மூடினால் முழு வேலையையும் விட வேண்டும் என்பது அவளுக்குத் தெரியும். உறுப்பினர்களில் ஒருவருக்கு ஆட்சேபணை என்றே பெயர். காலை வணக்கம் சொன்னால்கூட ஆட்சேபணை தெரிவிப்பார். அவரும் தயாராக உட்கார்ந்திருந்தார்.

கணக்கு அதிகாரி வெட்டுகளை வாசித்தார். சின்ன அறை என்று வந்ததும் பின்வரிசையில் ஒரு முனகல். தலைவி என் தங்கச்சியைக் கூப்பிட்டார்.

அவள் குள்ளம். ஒலிவாங்கி அவள் தலைக்கு மேலே நின்றது. அதைக் கீழே இறக்கியபோது அது கீச்சென்று கத்தியது. அதுவும் என் பிரிவின் பராமரிப்புதான். என்னை நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

"சொல்லுங்க. சுருக்கமா" என்றார் தலைவி.

"நான் ஒண்ணும் சொல்லப் போறதில்லம்மா. எங்க பிரிவு மேற்பார்வையாளர்கிட்ட சில கேள்வி கேக்க அனுமதி வேணும். பராமரிப்புன்னா என்னன்னு இந்த ஊர்ல அவரை விட நல்லாத் தெரிஞ்சவங்க இல்ல."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இருந்தாலும், உள்ளுக்குள் உச்சி குளிர்ந்தது என்பதையும் மறைக்கவில்லை. எழுந்து நின்றேன்.

"சார், பெரிய தெரு விளக்குக் கம்பம் எவ்வளவு உயரம்?"

"இருபது அடி."

"போன வருஷம் எவ்வளவு இருந்துச்சு?"

"இருபது அடிதான்."

"அடுத்த வருஷம்?"

இவளுக்கு என்ன ஆயிற்று? பேச நேரம் கொடுத்தால் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறாளே! எனக்குச் சூடு ஏறியது.

"அடுத்த வருஷமும் இருபது அடிதான்! கம்பம் என்ன மரமா, வளர்றதுக்கு?"

மண்டபம் சிரித்தது. அவள் சிரிக்கவில்லை.

"ஒருவேளை வளந்துச்சுன்னா சார்?"

"வளந்தா என் சீட்டைக் கிழிச்சிடுவாங்க!"

"பூங்கா இரும்பு வேலி?"

"எதுவா இருந்தா என்னம்மா! வெச்சது வெச்ச இடத்துல, வெச்ச மாதிரியே இருக்கணும். சாக்கடை நேத்து ஓடின மாதிரியே இன்னிக்கும் ஓடணும். அதுக்குப் பேர்தான் பராமரிப்பு. ஏதாவது மாறிப்போச்சுன்னா நான் எங்கேயோ கோட்டை விட்டுட்டேன்னு அர்த்தம். இதெல்லாம் உங்களுக்கு நான் சொல்லித் தரணுமா?"

"நன்றி சார். இன்னும் ஒண்ணே ஒண்ணு. எங்க சின்ன அறைக்கு ஒரு குழந்தை வருது. வர்றப்ப பேசத் தெரியாது. செருப்பு மாட்டத் தெரியாது. பக்கத்துல ஒருத்தர் உக்காந்தா பயம். வருஷம் முடியுது. அப்பவும் பேசத் தெரியல, செருப்பு மாட்டத் தெரியல, அதே பயம். உடம்புல ஒரு கீறல் கிடையாது. வந்தது வந்த மாதிரியே வீட்டுக்கு அனுப்பறேன். நான் நல்லாப் பராமரிச்சிருக்கேனா?"

"பராமரிச்சிருக்கீங்க, யாரு இல்லேன்னா? ஆனா உங்க வேலையைச் செய்யலையே!"

"என் வேலை என்ன சார்?"

"கத்துக் குடுக்கறது! வேற என்ன?" என்று கத்தினேன்.

கத்தி முடித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. அவள் கேள்வி கேட்டுவிட்டுச் சும்மா இருந்தாள். அவ்வளவுதான் செய்தாள். செருப்பை நானே மாட்டிக்கொண்டேன். என் வாயாலேயே அவளுடைய வழக்கை முடித்துக் கொடுத்திருக்கிறேன், அதுவும் மைக் இல்லாமலேயே கடைசி வரிசைக்குக் கேட்கும்படி. அசடு வழிந்தது உண்மை. ஆனால் அந்த அசட்டுக்கு அடியில் ஒரு பெருமை பொங்கியது பாருங்கள், அதை என்னால் அடக்க முடியவில்லை.

"அவ்வளவுதாம்மா" என்று தலைவியிடம் சொன்னாள். "பராமரிப்புல எதுவும் மாறக் கூடாது. எங்ககிட்ட வர்ற குழந்தை மாறாமப் போனா நாங்க தோத்தோம். கத்துக் குடுக்கற வேலைக்கு எந்தத் தலைப்போ, அதுல எங்களை வைங்க."

ஆட்சேபணை எழுந்தார். "ஆட்சேபணை! அண்ணனும் தங்கச்சியும் வீட்ல ஒத்திகை பாத்துட்டு வந்து நாடகம் போடறாங்க."

"ஒத்திகையா?" என்று பாய்ந்தேன். "ஒரு வார்த்தை முன்னாடியே சொல்லியிருந்தா நான் இப்படி நடுச்சபையில மாட்டிக்கிட்டு முழிப்பேனா? என் மூஞ்சியைப் பாத்துச் சொல்லுங்கய்யா, ஒத்திகை பாத்த மூஞ்சியா இது?"

இந்தத் தடவை தலைவியும் சிரித்துவிட்டார். பிறகு கணக்கு அதிகாரியைப் பார்த்தார். அவர் தாள்களைப் புரட்டிக்கொண்டிருந்தார். கல்வித் தலைப்புக்குக் கீழே 'முன்பருவக் கல்வி' என்று ஒரு வரி ஆரம்பத்திலிருந்தே இருக்கிறதாம், யாரும் அதில் எதையும் சேர்த்ததில்லையாம். "மாத்தறதுக்குத் தடையில்லம்மா. ஆனா ஒண்ணு. நிலையம் அங்கே போயிட்டா, மொத்த வெட்டும் பராமரிப்புல மிச்சம் இருக்கற வேலைங்க மேலேயே விழும். புது வண்டிக்கு வழியே இல்ல" என்றார்.

"மேற்பார்வையாளர் என்ன சொல்றீங்க?" என்று தலைவி கேட்டார்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் என் ஆட்களைப் பார்த்தேன். ஓரத்தில் நாலு பேர் நின்றார்கள். தினமும் காலையில் முதுகு கொடுத்துத் தள்ளுகிறவர்கள் அவர்கள்தான், நான் முன்னால் உட்கார்ந்து அதிகாரம் செய்பவன். அவர்களைக் கேட்காமல் எப்படிச் சொல்வது? மின்தொழிலாளி பேசவில்லை, தன் பிள்ளைக்காகக் கேட்க அவனுக்குக் கூச்சம். அவன் பக்கத்தில் நின்ற சாக்கடைக்காரர், கல்யாணமே ஆகாத கிழவர், இரண்டு கையையும் முன்னால் நீட்டித் தள்ளுவதுபோல் சைகை காட்டினார்.

"தள்ளிக்கறோம்மா" என்றேன்.

வாக்கெடுப்பில் கைகள் உயர்ந்தன. ஆட்சேபணை மட்டும், பழக்க தோஷம், எதிர்த்து உயர்த்தினார். தீர்மானம் நிறைவேறிற்று. பின்வரிசையில் பூட்டின் அம்மா, தன் பக்கத்தில் நின்ற யாரென்றே தெரியாத பெண்ணைக் கட்டிக்கொண்டாள்.

சபை எழுத்தர் தீர்மானத்தை வாசித்தார். "இந்த ஆண்டு முதல் நிலையமும் அதன் இரண்டு அறைகளும், பராமரிப்புப் பணியாளர்கள் மூவரும், கல்வித் தலைப்பின்கீழ்..."

"ஆட்சேபணை!" என்றேன் நான்.

ஆட்சேபணை தன் சொத்தை யாரோ திருடிவிட்டதுபோலத் திரும்பிப் பார்த்தார். கணக்கு அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். தலைவி, "இப்ப என்னய்யா?" என்றார்.

"பணியாளர்கள்னு வாசிக்கறாரு. அப்படி ஒருத்தரும் அங்கே இல்ல. ஆசிரியைகள். அப்படி எழுதச் சொல்லுங்க."

தலைவி ஒரு கணம் என்னையும் என் தங்கச்சியையும் மாறி மாறிப் பார்த்தார். "திருத்துங்க" என்று எழுத்தரிடம் சொன்னார். எழுத்தர் அடித்து எழுதி, தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி வாசித்தார். "ஆசிரியைகள் மூவரும், கல்வித் தலைப்பின்கீழ்..."

அவள் அதுவரை ஒலிவாங்கிக்கு முன்னால் நிமிர்ந்தே நின்றிருந்தாள். வெட்டு என்று சொன்னபோது அசையாதவள், ஆட்சேபணை அத்தனை பேர் முன்னால் நாடகம் என்று சொன்னபோதும் அசையாதவள், அந்தச் சொல்லைக் கேட்டதும் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. அவளோடு வேலை செய்யும் இரண்டு பேரும் ஓடிப்போய் அவள் இரண்டு பக்கமும் நின்றார்கள்.

இனி அவள் எனக்குக் கீழே இல்லை. எந்தக் காகிதத்திலும் இல்லை. எனக்கு நெஞ்சு கொள்ளவில்லை. சபை நடக்கிறது, தலைவி இருக்கிறார், மரியாதை என்று ஒன்று இருக்கிறது, எதுவும் அந்த நேரத்தில் மண்டையில் ஏறவில்லை.

"அவ என் தங்கச்சி!" என்று கத்தினேன். "என் தங்கச்சி அவ!"

ஒருவரும் சிரிக்கவில்லை. எழுத்தர் மட்டும் பேனாவைப் பிடித்தபடி நிமிர்ந்து, "இதையும் கூட்டக் குறிப்புல சேக்கணுமாம்மா?" என்று கேட்டார்.

"சேத்துக்குங்க" என்றார் தலைவி.